கும்பிடு ஒரு வாகனமா?

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சென்னைப் பட்டணத்தில் அரிசிக்குப் பஞ்சம், துணிக்குப் பஞ்சம், பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம். தட்டுப்பாடில்லாமல் கிடைத்தவை நிதிகள்தான். மயிலாப்பூரில் நாலு பேர் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டால், எழுந்திருக்கும்போது ஒரு நிதியின் நிர்வாகக் கமிட்டியாக எழுந்திருப்பார்கள். லஸ் மூலையில் சற்றுக் காற்று வாங்க நின்றால் போதும், யாராவது ஒரு சீமாட்டி வந்து நம் சட்டையில் காகிதக் கொடியைக் குத்திவிடுவாள். சட்டையில் கொடியில்லாமல் வீடு திரும்புகிறவனை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 'மயிலாப்பூர் - தியாகராயநகர் - அடையாறு வாகன விபத்துக் குழந்தைகள் குணமடைவு உதவி நிதி'. பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்களை மட்டுமே கமிட்டியில் சேர்த்தார்கள் என்று கேள்வி. இதன் தலைவர் ராவ்பகதூர் ஸ்ரீரங்கன். அவருடைய பேரன் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று சக்கர சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டபோது ராவ்பகதூர் பொங்கி எழுந்தார். "என் பேரனுக்கே இந்தக் கதி என்றால் ஏழைக் குழந்தைகளின் கதி என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதல் கூட்டத்துக்கு முன்பே பேரனின் முட்டி ஆறிவிட்டது. ஆனால் அதற்குள் நோட்டீசு அச்சாகிவிட்டபடியால் நிதியை நிறுத்த முடியவில்லை.

ஜனங்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். லஸ் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ் ஏற்பட்டது. மின்சார விசிறி வந்தது. காரியதரிசியாக வேதாந்தம் என்பவர் நியமனமானார். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கால் கை நீவிவிடுவதற்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இசக்கிமுத்து என்ற முன்னாள் பயில்வானை மாதச் சம்பளத்தில் வரவழைத்தார்கள். கமிட்டி அங்கத்தினர் ஸ்ரீமதி நீரஜா, அடையாற்று மாதர் கிளப்பைத் திரட்டி, காயம்பட்ட குழந்தைகளுக்காகக் கம்பளியில் மப்ளர் பின்ன வைத்தார். அந்த வருஷம் பட்டணத்து நாகரிகம் பின்னல்தான். சித்திரை மாதத்து வெயிலில் சீமாட்டிகள் வியர்க்க வியர்க்கக் கம்பளி பின்னினார்கள்.

எல்லாம் இருந்தது, குழந்தை மட்டும் இல்லை. ஆபீஸ் மாடியில் இருந்ததே காரணம் என்று சிலர் சொன்னார்கள். கால் ஒடிந்த குழந்தைகள் ஏனோ மாடி ஏறி வரவில்லை. ஆண்டு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய துரையின் சம்சாரம் தலைமை வகிக்க ஒப்புக்கொண்டு, குணமடைந்து வரும் குழந்தைகளைப் பார்க்க ஆவலாயிருப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். வேதாந்தத்துக்குத் தூக்கமே போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் அடையாற்றுப் பாலத்தில் ஷகீலாவுக்குக் கால் ஒடிந்தது.

ஷகீலா எட்டு வயதுப் பெண். தகப்பன் சர்தார் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையற்கடை வைத்திருந்தான். தாய் அமீனா பீ, தைத்த ரவிக்கைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அன்றைக்கு அடையாற்றுக்கு ரவிக்கை கொண்டுபோகப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு கரிகேஸ் பஸ்ஸில் ஏறினாள். பெட்ரோல் இல்லாத அந்த நாளில் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள் அல்லவா? சமதரையில் அது ஓடும். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். அப்போது ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும், பெண்களும் குழந்தைகளும் பின்னால் நடந்து வரவேண்டும். டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு தள்ளுகிற உரிமைக்கா, நடக்கிற உரிமைக்கா என்று யாரும் கேட்டதில்லை.

பாலத்து ஏற்றத்தில் வழக்கம்போல் பஸ் நின்றது. ஆண்கள் தள்ளினார்கள். பாதி தூரம் ஏறியாயிற்று. அப்போது எதிரே ராவ்பகதூர் ஸ்ரீரங்கனின் மோட்டார் வந்தது. அவர் பெட்ரோல் சிக்கனக் கமிட்டிக்கும் தலைவராகையால் அவருக்குப் பெட்ரோல் கிடைத்துவந்தது. பஸ்ஸைத் தள்ளியவர்களில் பாதிப்பேர் ராவ்பகதூரின் ஆபீஸில் குமாஸ்தாக்கள். மீதிப்பேர் அந்த ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள். ஆகவே எல்லோரும் ஏககாலத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார்கள். பிரேக்கின்மேல் காலை வைத்திருந்த டிரைவர், பெரிய மனிதரை உட்கார்ந்தபடி கும்பிடுவது மரியாதையல்ல என்று எழுந்து நின்றார்.

பஸ் பின்னால் உருண்டது. ராவ்பகதூர் தலையை அசைத்து எல்லோருடைய கும்பிடையும் ஏற்றுக்கொண்டு போய்விட்டார். பின்னால் ஏதோ கூச்சல் கேட்டது. தமக்கு ஜே போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது கால் விறைத்துப்போயிருந்தது. "தினமும் நன்றாக நீவிவிட்டு, இரும்புப் பட்டை வைத்த ஜோடு போட்டு நடக்கப் பழக்கவேண்டும். இப்போது விட்டுவிட்டால் ஆயுசுக்கும் காலை இழுத்துக்கொண்டுதான் நடப்பாள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தில் இருக்கும் தையற்காரன் நீவிவிட ஆளுக்கு எங்கே போவான்? ஜோட்டுக்கு எங்கே போவான்? அமீனா பீ பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிதி ஆபீஸ் மாடி ஏறினாள்.

வேதாந்தம் அவளைக் கண்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"வாம்மா, வா! உக்காரு! கொழந்தைக்கு என்ன? விபத்தா?"

"ஆமாங்க. பஸ்ஸு ஏறி காலு ஒட்ஞ்சி பூட்ச்சி."

"பேஷ்! பேஷ்!" என்றார் வேதாந்தம். அவருடைய கண்களில் ஜலம் வந்துவிட்டது. "கொழந்தை கொணமடைஞ்சு வராளோல்லியோ?"

"எங்கேங்க? கொணமாவல. அதுக்குத்தானே இங்க இட்டாந்தேன்."

வேதாந்தத்தின் முகம் சற்று வாடியது. "நிதியோட பேரைப் படிச்சியோ? கொணமடைஞ்சு வர கொழந்தைக்குத்தான் உதவி. கொணமடைய ஆரம்பிக்காத கொழந்தையை நாங்க தொடப்படாது."

"நீங்க ஒதவி பண்ணாத்தானே சாமி கொணமாவ ஆரம்பிக்கும்?"

"அது வாஸ்தவந்தான். ஆனா கொழந்தை கொணமாக ஆரம்பிச்சாத்தானே நாங்க உதவி பண்ண ஆரம்பிக்கலாம்?"

அமீனா பீ அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நேத்து கட்ட வெரல ஆட்னா" என்றாள். ஷகீலா உடனே கட்டை விரலை ஆட்டிக் காட்டினாள். கமிட்டி கூட்டப்பட்டது.

விவரங்களையெல்லாம் கேட்ட பிறகு ராவ்பகதூர் கண்களை மூடிக்கொண்டு யோசித்தார். "பஸ் உருண்ட சமயத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா?" என்று கேட்டார்.

"எங்க ஓடிச்சி? அது ஓட்னா நாங்க ஏன் எறங்கறோம்?"

"என்ஜின் ஓடாத வண்டி எப்படி வாகனமாகும்? அது ஒரு பெரிய பெட்டி. அதைத் தள்ளியது மனிதர்கள். சரி, அவர்கள் ஏன் கையை விட்டார்கள்?"

"உங்களப் பாத்து கும்ட்டாங்க சாமி."

ராவ்பகதூரின் முகத்தில் ஒரு பிரகாசம் உண்டாயிற்று. "எல்லோருமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அல்லாருந்தான். டைவரு எந்திரிச்சி நின்னு கும்ட்டாரு."

"பாருங்கள்! ஆகையால் விபத்துக்குக் காரணம் பஸ் அல்ல, கும்பிடு. இப்போது நம்முன் இருக்கும் கேள்வி ஒன்றுதான். கும்பிடு ஒரு வாகனமா?"

கமிட்டியார் இதைப் பல கோணங்களிலிருந்தும் ஆராய்ந்தார்கள். வாகனம் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். கும்பிட்டே குமாஸ்தாவிலிருந்து சூப்பரிண்டெண்டாகப் போனவர்கள் உண்டே என்று நீரஜா எடுத்துச் சொன்னார். ஆனாலும் கும்பிடுக்குச் சக்கரம் கிடையாது என்று வேதாந்தம் நினைவூட்டினார். ஷகீலாவுக்கு நேர்ந்தது வாகன விபத்தல்ல, மரியாதை விபத்து என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"அப்ப எம் பொண்ணு காலு?" என்றாள் அமீனா பீ.

"எங்களுக்கு மிகுந்த வருத்தம்" என்றார் ராவ்பகதூர். அது பொய்யல்ல. விழாவுக்குக் காட்டக் குழந்தை இல்லாமல் போயிற்றே என்று எல்லோருமே மனப்பூர்வமாக வருந்தினார்கள்.

"ஹௌ ஸ்வீட்!" என்று நீரஜா ஷகீலாவின் கன்னத்தைத் தட்டி, ஒரு கம்பளி மப்ளரைக் கழுத்தில் சுற்றிவிட்டார். அமீனா பீ அதைக் கொண்டுபோய் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டி இறக்கப் பயன்படுத்தினாள்.

ஆனால் அவள் விடவில்லை. மறுநாளும் மாடி ஏறினாள், அதற்கு மறுநாளும் ஏறினாள். "கும்ட்டதால உருள்ல சாமி, வண்டி தன்னாலதான் உருண்டுச்சி. நீங்களே வந்து பாருங்கோ" என்றாள். குழந்தையின்மேலிருந்த ஆசையால் கமிட்டியார் கடைசியில் ஸ்தல விசாரணைக்கு இசைந்தார்கள். அதே பாலம், அதே பஸ், அதே டிரைவர். தள்ளுவதற்கு அதே குமாஸ்தாக்களும் அதே மனுதாரர்களும் வரவழைக்கப்பட்டார்கள்.

முதல் தடவை யாரும் கும்பிடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. ராவ்பகதூரின் மோட்டார் வந்தது. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் அசையவில்லை. ராவ்பகதூர் மோட்டாரை நிறுத்தி இறங்கினார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"உத்தரவு நான் போட்டதுதான்" என்றார். "ஆனாலும் ஒருத்தனாவது மீறுவான் என்று எதிர்பார்த்தேன்."

இரண்டாம் தடவை ஒருவரும் குறை வைக்கவில்லை. மோட்டார் பாலத்தின் அந்தக் கோடியில் தெரிந்தபோதே கைகள் எழும்பிவிட்டன. சக்கரம் எவ்வளவு உருளுகிறது என்று பார்க்கப் பஸ்ஸுக்குப் பின்னால் வேதாந்தம் நின்றிருந்தார்.

"ஐயா, நவுருங்கோ! வண்டி வர்து!" என்று கத்தினாள் அமீனா பீ.

"சித்த இரும்மா, தலைவர் போறார்" என்றார் வேதாந்தம், குவித்த கையைப் பிரிக்காமல்.

பஸ் அவருடைய வலது கால் கட்டை விரலின்மேல் ஏறி நின்றது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். வேதாந்தத்தின் விரல் புடலங்காய்த் துண்டு மாதிரி வீங்கியிருந்தது. காரியதரிசி நிதியின் காரியமாகப் போய் அடிபட்டிருக்கையில் நிதி கைகட்டிக்கொண்டிருக்கலாமா? கூடாது. கும்பிடு விஷயம் என்ன? இந்தத் தடவை கும்பிட்டது கமிட்டியின் உத்தரவின்பேரில். உத்தரவின்பேரில் செய்தது கும்பிடாகாது, அது உத்தியோக அசைவு. ஆகவே விபத்துக்கு முழுப் பொறுப்பு வாகனத்தைச் சேர்ந்தது. இவ்வளவும் சுலபமாக முடிந்துவிட்டது.

"ஆனால் குழந்தை என்றல்லவா இருக்கிறது?" என்று நீரஜா தயங்கினார்.

வேதாந்தம் காலை நாற்காலியின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு பேசினார். "எங்கப்பா இன்னும் இருக்கார். ஆத்துல அவர் சொல்லாம நான் ஒரு கத்திரிக்காய் வாங்கினதில்லே. வீடு அவர் பேர்ல. என் சம்பளத்தை அவர் கையிலதான் குடுத்துண்டிருக்கேன். நேத்திக்குக்கூட, ராத்திரி சினிமாவுக்குப் போகட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டார்."

கமிட்டியிலிருந்த வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தகப்பனார் இருக்கும்வரை மகன் குழந்தைதான் என்பது மயிலாப்பூரில் யாரும் மறுக்கக்கூடிய விஷயமல்ல. அவர்களில் பலருக்கே வீட்டில் அதுதான் நிலைமை. 'குழந்தை வேதாந்தம் குணமடையும்வரை சகல உதவிகளும் அளிக்கப்படும்' என்று தீர்மானம் நிறைவேறிற்று.

மறுநாள் இசக்கிமுத்து எண்ணெயும் கையுமாக வந்தான். வேலை செய்யாமலே சம்பளம் வாங்கி அலுத்துப்போயிருந்தவன் அவன். அவன் கையைப் பார்த்த மாத்திரத்தில் வேதாந்தம் அலறினார்.

"கிட்ட வராதே! மொதல்ல வேற யார் மேலயாவது செஞ்சு காட்டு!"

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. வலிக்காதுல்லா."

"அப்படின்னா வேற யாருக்கும் வலிக்காதுல்லியா? அதைத்தான் பாக்கணும்கறேன்."

வாசற்படியில் அமீனா பீ அன்றைக்கும் மனுவோடு நின்றிருந்தாள். சட்டென்று உள்ளே வந்து பெண்ணை பெஞ்சியில் உட்கார வைத்தாள். "இவ மேல காட்டுங்கோ" என்றாள்.

அன்று தொடங்கி ஷகீலா நிதியின் மாதிரிக் கால் ஆனாள். மாதிரிக்கு உதவி அளிப்பது விதிக்கு விரோதம், ஆனால் மாதிரியை உபயோகிப்பதற்கு விரோதமாக எந்த விதியும் இல்லை. தினமும் இசக்கிமுத்து அவள் காலை முழுக்க நீவி, மடக்கி, நீட்டிக் காட்டுவான். வேதாந்தம் விசிறிக்கடியில் உட்கார்ந்து கவனமாகப் பார்ப்பார். "நாளைக்கு எனக்கு ஆரம்பிக்கலாம்" என்பார். வலி தாங்காமல் அவள் முகத்தைச் சுளித்தால் அவர்தான் "ஐயோ!" என்று கத்துவார்.

"நீங்க கத்தாதீங்க மாமா. நீங்க கத்துனாத்தான் எனக்கு நோவு ஜாஸ்தியாவுது" என்பாள் ஷகீலா.

இரும்புப் பட்டை ஜோடும் வந்து சேர்ந்தது. நிதி குழந்தைகளுக்கானதாகையால் விதிப்படி குழந்தை அளவு ஜோடுதான் வாங்கலாம். வேதாந்தத்தின் கட்டை விரல்கூட அதற்குள் போகவில்லை. புது ஜோடு அப்படித்தான் இறுக்கமாக இருக்கும், யாராவது போட்டு நடந்து தளர்த்தவேண்டும் என்று கமிட்டியார் அபிப்பிராயப்பட்டார்கள். அந்தப் பொறுப்பும் ஷகீலாவுக்கே வந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் முழுதும் சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு சுவரை விட்டுவிட்டு நடந்தாள். ஒருநாள் மாடிப்படியில் தானே இறங்கினாள். அமீனா பீ அடிப்படியில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

வேதாந்தத்தின் விரல் தானாகவே ஆறிவிட்டது. ஆனால் ஆறிவிட்டதென்று ஒப்புக்கொண்டால் அவர் குணமடைந்த குழந்தையாகிவிடுவார், குணமடைந்து வரும் குழந்தையாக இருக்கமுடியாது. ஆகவே பொறுப்பை உணர்ந்து அவர் நொண்டினார்.

ஆண்டு விழா மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் அமர்க்களமாக நடந்தது. முன்வரிசையில் குழந்தைகளுக்கென்று போட்ட குட்டை நாற்காலியில், கழுத்தில் மப்ளரும் கையில் ஒரு பலூனுமாக வேதாந்தம் உட்கார்ந்திருந்தார். துரைசானி அம்மாள் அவரை நெடுநேரம் பார்த்தாள். ராவ்பகதூர் இங்கிலீஷில் விளக்கினார். சாட்சிக்கு வேதாந்தத்தின் தகப்பனாரே வந்திருந்தார். "நேரா உக்காருடா" என்று அவர் அதட்ட, வேதாந்தம் நேராக உட்கார்ந்தார். அதற்குமேல் துரைசானிக்குச் சந்தேகமில்லை. இந்தியா அதிசயமான தேசம் என்று அவளுக்கு முன்பே யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் வேதாந்தத்தின் வழுக்கையைத் தடவிக்கொடுத்து மிட்டாய் கொடுத்தாள்.

ஷகீலா மேடைமேல் நேராக நடந்துபோய் துரைசானிக்கு மாலை போட்டாள். "இந்தப் பெண் யார்?" என்று கேட்டதற்கு, "மாதிரி" என்று சொன்னார்கள்.

துரைசானி எழுந்து பேசினாள். இப்படிப்பட்ட குழந்தைகள் இன்னும் எத்தனை பேர் உதவியின்றி வாடுகிறார்களோ, அத்தனை பேருக்கும் நிதியின் கதவு இன்றே திறக்கட்டும் என்றாள். கரகோஷம் வானைப் பிளந்தது. அடுத்த நிமிஷம் மண்டபத்தில் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. வக்கீல்கள், வாத்தியார்கள், அன்று பஸ்ஸைத் தள்ளிய குமாஸ்தாக்கள் எல்லோரும் நின்றார்கள். ஒருவருக்கு டிராமில் முழங்கை இடித்திருந்தது, ஒருவருக்கு ரிக்ஷா சக்கரம் வேஷ்டியைக் கிழித்திருந்தது. சிலர் அத்தாட்சிக்குத் தகப்பனாரை அழைத்துவர வீட்டுக்கு ஆளனுப்பினார்கள். கமிட்டி வக்கீல்களும் மேடையிலிருந்து இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள்.

ஷகீலாவின் தகப்பன் சர்தார் மெல்ல நழுவி வாசல் பக்கம் போனான்.

"எங்கே ஓட்றே?" என்றாள் அமீனா பீ.

"அத்தாவ இட்டாரப் போறேன். நிக்காஹ் அன்னிக்கு ஜட்காலேர்ந்து வியுந்தேனே, மறந்துட்டியா?"

"ஊரெல்லாம் கொயந்தையாப் பூட்ச்சி, நீ மட்டும் இன்னா பாவம் பண்ணே? போ, போ" என்றாள் அவள்.

இவ்வளவு குழந்தைகளுக்கும் உதவ நிதியில் இருப்பது போதாது என்று ராவ்பகதூர் அந்த இடத்திலேயே நன்கொடை கேட்டார். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு சுற்றிவர ஆள் வேண்டும். நொண்டாமல் நடக்கக்கூடியவள் அந்த மண்டபத்தில் ஷகீலா ஒருத்திதான். அவள் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டிக்கொண்டே போனாள்.

"கொழந்தைகள் கிட்ட ஏதும்மா காசு?" என்றார் வேதாந்தம். அடுத்தவரும் அதையே சொன்னார். வரிசையின் கடைசிவரைக்கும் அதையே சொன்னார்கள்.

தாம்பாளம் வெறுமையாகவே அமீனா பீயிடம் வந்தது. அவளைப் பெற்ற அத்தா இறந்து பல வருஷமாகிவிட்டது. அந்த ஊரில் மிச்சமிருந்த பெரிய மனுஷி அவள்தான். ரவிக்கை கொடுத்து வாங்கின காசை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துத் தாம்பாளத்தில் போட்டாள்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. அது கிடக்கட்டும். உங்கள் தகப்பனார் சௌக்கியமாக இருக்கிறாரோ?